மாமாவைக் கைமாற்றிய குளிர்காலம்

மாமாவை விற்கப்போகிறார்கள் என்ற செய்தியை நான் முதலில் கேட்டது பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு சலூனில். எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு முடி வெட்டுவதற்காக அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கதிரையின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை வைத்து அதன்மேல் தம்பியை ஏற்றியிருந்தார்கள். கழுத்தில் துணி கட்டியாயிற்று. அழுவதா விடுவதா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். சுவரோரம் கிடந்த வாங்கில் ஏழெட்டு ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வெட்டுவதற்குத் தலையில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அவர்கள் அங்கே கூடுவது கழகத்தைப் பற்றிக் கதைப்பதற்கு.

கழகம் என்றால் அப்பாவின் ஊர்க் காற்பந்துக் கழகம். ஊர் யாழ்ப்பாணத்தில் இருந்தது, நான் அதைக் கண்டதில்லை. ஆனால் ஊர்ச் சனத்தில் ஒரு பங்கு பாரிசுக்கு வந்து, வந்த கையோடு கழகத்தையும் தொடங்கிவிட்டிருந்தது. கோடையில் தமிழ்க் கழகங்களுக்குள் சுற்றுப்போட்டிகள் நடக்கும். குளிர்காலத்தில் பந்து மூலையில் கிடக்கும், வாய் மட்டும் ஓடும். யார் எந்தக் கழகத்துக்கு மாறுகிறான், யாருக்கு வேலை எடுத்துக் கொடுத்து இழுத்துவிட்டார்கள், எந்தக் கழகம் யாரை லண்டனிலிருந்து இறக்குகிறது என்று மாதக்கணக்காக வதந்தி உருளும். தொண்டை நரம்பு புடைக்கச் சண்டை பிடிப்பார்கள். கோடை ஆட்டத்தைவிட இந்த ஆட்டம்தான் கடுமையானது.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் கழகத்தின் கோல் கீப்பர். பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். உலகத்திலேயே சிறந்த கீப்பர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"பேச்சு முடிஞ்சுது. கீப்பரைக் குடுத்திட்டு அவங்கடை ஃபோர்வேர்ட்டை எடுக்கிறம்," என்றார் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர்.

'அவங்கள்' என்று அவர் சொன்னது ஊர்ப் பெயரே இல்லாத ஒரு கழகத்தை. பல ஊர்களிலிருந்தும் வந்த பெடியங்கள் பாரிசில் சேர்ந்து தொடங்கியது. எங்கள் ஆட்கள் அதை ஏளனமாக 'ஊரில்லாக் கழகம்' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

"அந்தப் பெடியன் எங்கடை ஊர். தெரியாமல் அங்கை போய் நிண்டு விளையாடுறான். எங்கடை பிள்ளை எங்களிட்டை வரட்டும்," என்றார் இன்னொருவர்.

"அப்ப கோலுக்கு ஆர்?"

"சுவிஸிலை இருந்து ஒருத்தன். ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் பிளேனிலை இறக்கிறது."

"பிளேன் காசு?"

"கழகத்திலை கிடக்குதுதானே."

"அது ஊர்ப் பள்ளிக்கூட மதிலுக்குச் சேர்த்த காசல்லோ! ஆரைக் கேட்டு எடுக்கிறியள்?"

"மதில் எங்கை ஓடுதே? கப் அடிச்சால் சனம் தானாக் காசு தரும். பிறகு மதிலும் கட்டலாம், கேற்றும் போடலாம்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள். லண்டன்காரன் வந்து சாப்பிட்டிட்டுப் போனதுதான் மிச்சம்!"

வாங்கில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கதவைத் திறந்து வெளியே போய், இன்னும் சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்து திரும்பி உள்ளே வந்தார். தம்பி அழுவதென்று முடிவெடுத்தான்.

சலூன்காரர் புதுச்சேரிக்காரர். அவருக்கு எந்தக் கழகமும் கிடையாது. கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: "எனக்கு ஒண்ணு புரியலிங்க. அந்தப் பையன் நல்லாத்தானே தடுக்குறான்? அவன அனுப்பிட்டு, காசு செலவு பண்ணி சுவிஸ்லேருந்து வேற ஆளக் கூட்டியாறீங்களே, ஏன்?"

கம்பளித் தொப்பிக்காரர் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது வேறை கணக்கு அண்ணை," என்றார். யாரோ சிரித்தார்கள். அப்பா தரையில் விழுந்து கிடந்த தம்பியின் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை மெத்ரோ ரயிலில் அவர் தம்பியின் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொபினியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்கு ஓடி, "அம்மா, மாமாவை விக்கப் போகினமாம்!" என்று கத்தினேன்.

அம்மா வறைக்கு லீக்ஸ் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னிடம் முழுவதையும் கேட்டார். நான் மதில், பிளேன், சுவிஸ் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். சலூன்காரர் கேட்டதையும் அதற்குக் கிடைத்த பதிலையும் சொன்னபோது அம்மாவின் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

"நீங்கள் அங்கைதானே இருந்தனீங்கள்? என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? அவை கதைக்கினம்," என்றார் அப்பா.

"அவை கதைப்பினம். நீங்கள் மயிரை எண்ணிக்கொண்டு இருப்பியள். கலியாணம் கட்டின நாளிலை இருந்து இதுதானே நடக்குது!"

"பிள்ளையளுக்கு முன்னாலை உதுகளைக் கதைக்காதை."

"ஏன்? பிள்ளையளுக்குத் தெரியக் கூடாதோ? தெரியட்டும்!"

ஆனால் அம்மா எங்களுக்கு எதையும் தெரியப்படுத்தவில்லை. குசினிக்குத் திரும்பிப் போய், வெட்டிய லீக்ஸை மறுபடியும் வெட்டினார். அன்றைக்கு வறைக்குப் பதிலாக ஒருவகைக் களிதான் சாப்பிட்டோம். அடுத்த பல நாட்களுக்கு அப்பாவுடைய தேத்தண்ணியை அப்பாவே போட்டுக்கொண்டார்.

கழகத்தின் தலைவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணர். அடுத்த சனிக்கிழமை ஏதோ சாமான் கொடுக்க அவர் வந்தார். எங்கள் வீட்டில் அவர் மேலங்கியைக் கழற்றுவதே இல்லை. வாசலடியில் நின்றுதான் பேசுவார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால், இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்பார். அவருக்கு வயிற்றில் புண் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் அதை நம்பி, சாப்பிட முடியாத மனிதர் என்று அவருக்காக இரக்கப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அம்மா தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"அத்தான், என்ரை தம்பி என்ன குறை விட்டவன்?"

"ஒரு குறையும் இல்லை. இது விளையாட்டு. வருவினம், போவினம்."

"அவனை ஒரு சொல் கேட்டனீங்களோ?"

"உதெல்லாம் கொமிற்றி எடுக்கிற முடிவு. உதுக்குள்ளை பொம்பிளையள் வராதேங்கோ."

"உடுப்புத் தோய்க்கேக்கை மட்டும் பொம்பிளையள் வரலாமோ?"

கழகத்தின் விளையாட்டு உடுப்பு முழுவதையும் அம்மாதான் தோய்த்துக்கொண்டிருந்தார். மாமா ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பெரிய கறுப்புப் பையில் கட்டிக் கொண்டுவருவார். எங்கள் இயந்திரம் சிறியது. மூன்று தடவை போட்டு, பல்கனியிலும் கதவுகளிலும் கதிரைகளிலும் காயவிடுவோம். நான்தான் இலக்க வரிசையில் மடித்து வைப்பேன். அதில் எனக்கு மிகுந்த பெருமை.

பெரியப்பா படியிறங்கத் திரும்பினார். நான் அம்மாவின் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, இது அநியாயம், நீங்கள் வெட்கப்பட வேண்டும் என்று பிரெஞ்சில் கத்தினேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ் வராது. பெரியப்பா என்னைப் பார்க்காமல் அப்பாவிடம், "பிள்ளைக்குத் தமிழைப் பழக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு கழகத்தின் பொதுக்கூட்டம். லா சப்பலில், ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில், ஓர் உணவகத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. அப்பா முன்னதாகவே போய்விட்டார். அம்மா தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டார். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்தக் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். கடைசிப் பயிற்சி மழையில் நடந்திருந்தது. அம்மா அந்த வாரம் பையைத் திறக்கவே இல்லை. மெத்ரோவில் எங்கள் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்து எழுந்து போனாள். ஸ்தலின்கிராத் நிலையத்தில் இறங்கி அடுத்த மெத்ரோவுக்கு மாறும் படிகளில் நான் பையின் ஒரு மூலையைப் பிடித்தேன். எதற்காக இதைச் சுமக்கிறோம் என்று கேட்டேன். "பேசாமல் வா," என்றார்.

மண்டபத்தில் ஆண்கள் மட்டும்தான். எண்ணெயில் பொரிந்த ரோல்ஸின் வாசமும் ஈரக் கம்பளியின் வாசமும் கலந்து அடித்தது. கொமிற்றிக்காரர்கள் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பெரியப்பா. யாரோ ஒருவர் சுவிஸ் பயணச் செலவைப் பற்றி எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு அவர் உட்கார்ந்தார்.

அம்மா நேரே மேசைக்குப் போனார். பையைத் தலைகீழாகப் பிடித்தார். சேறும் வியர்வையும் ஊறி ஒரு வாரம் அடைபட்டிருந்த உடுப்பு முழுவதும் மேசையில் கொட்டியது. கொமிற்றிக்காரர்களின் தேத்தண்ணிக் கோப்பைகள் கவிழ்ந்தன. ஒரு காலுறை பெரியப்பாவின் மடியில் விழுந்தது. அவர் அதைத் தொடாமல் துள்ளி எழுந்தார்.

"இந்தாங்கோ," என்றார் அம்மா. அவருடைய குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "இவ்வளவு காலமும் என்ரை கையாலை தோய்ச்ச உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள். அப்ப உங்களுக்கு ஒண்டும் ஒட்டேல்லை. என்ரை தம்பி கோலுக்குள்ளை நிண்டு நெஞ்சிலை பந்து வாங்கேக்கையும் ஒண்டும் ஒட்டேல்லை. இப்ப என்ன ஒட்டிப்போச்சு? அவன் என்ன சந்தையிலை கட்டின மாடோ, இதைக் குடுத்து அதை எடுக்கிறதுக்கு?"

நான் அப்பாவைத் தேடினேன். அவர் மூன்றாவது வரிசையில், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தார். எழும்புவார் என்று நினைத்தேன். எழும்பவில்லை.

எழும்பியது மாமாவின் குரல். அவர் கடைசியில், படிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். நாங்கள் அவரைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும்.

"அக்கா," என்றார். "அவை குடுக்கேல்லை. நான்தான் போறன் எண்டு கேட்டனான்."

அம்மா திரும்பினார். "ஏனடா?"

மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "படம் எடுத்து எடுத்துக் கை நோகுது அக்கா."

அது உண்மை. எங்கள் கழகம் கப் அடித்த ஒவ்வொரு முறையும் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். யாராவது ஒருவர் மாமாவின் கையில் கமெராவைக் கொடுத்து, "நீ வடிவாய் எடுப்பாய்," என்பார். மாமாவும் வடிவாய்த்தான் எடுப்பார். ஒரு படத்திலும் ஒருவருடைய தலையும் வெட்டுப்பட்டதில்லை. ஒரு படத்திலும் மாமா இல்லை.

"ஓம், அவர்தான் கேட்டவர்," என்றார் பெரியப்பா அவசரமாக. "நாங்கள் ஆரையும் துரத்தேல்லை. கேட்டியளே எல்லாரும்?"

அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினார். தெருவுக்கு வந்த பிறகு அழுதார். நகைக்கடை வெளிச்சத்தில் நின்று, மூக்கைச் சிந்திச் சிந்தி, யாரையென்று தெரியாமல் திட்டினார். அப்பாவையா, பெரியப்பாவையா, மாமாவையா, எனக்கு விளங்கவில்லை. எல்லோரையும்தான் போலிருந்தது.

என் கோபம் தெளிவாக இருந்தது. அது மாமாமேல். கொமிற்றி அவரைத் துரத்துகிறது என்று நான் பெரியப்பாவிடமே கத்தியிருந்தேன். இவரோ தானாகவே கேட்டுப் போகிறார், அதுவும் ஊரில்லாக் கழகத்துக்கு. அடுத்த முறை அவர் சாப்பிட வந்தபோது, 'துரோகி' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவருடைய கோப்பைக்குக் கீழே வைத்தேன். அவர் வாசித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்று பாராட்டினார். அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அந்த 'வேறை கணக்கு' என்னவென்று எனக்குச் சொன்னது பெரியப்பாவின் மகள். அதற்கு இன்னும் பல வருடம் ஆயிற்று. அவளுடைய கலியாண மண்டபத்தில் அம்மாவை மட்டும் பந்தியில் யாரும் பரிமாறக் கூப்பிடவில்லை. ஏன் என்று அவளிடமே போய்க் கேட்டேன். அவள், மெத்ரோவுக்கு வழி சொல்பவளைப்போல், பொறுமையாகப் பிரெஞ்சில் விளக்கினாள்: உன் அப்பாவின் ஆட்கள் இன்ன சாதி, உன் அம்மாவின் ஆட்கள் இன்ன சாதி, உன் அப்பா காதலித்துக் கட்டிவிட்டார், அதனால்தான். அவள் பிறந்தது பாரிசில், ஊரை அவளும் கண்டதில்லை. தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாதவள், இதை மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் படித்து வைத்திருந்தாள்.

போர், கடல், முகவர், காடு, அகதி விண்ணப்பம் என்று எதையெல்லாமோ கடந்து வந்தவர்கள் எங்கள் சனம். வழியில் வீட்டை விட்டார்கள், காணியை விட்டார்கள், செத்தவர்களைப் புதைக்காமல்கூட விட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் நனையாமல், கசங்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். மாமா கோலைத் தடுக்கும்வரை எங்கள் கீப்பர். ஒரு பந்து உள்ளே போனால், உடனே அவர் யாருடைய பிள்ளை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். கோட்டுக்கு வெளியே நின்று கத்துபவர்கள் அதைச் சொல்லியே கத்துவார்களாம். நானும் அந்தக் கோட்டோரம் நின்றிருக்கிறேன். என் காதிலும் அந்தச் சொற்கள் விழுந்திருக்கும். அவை ஏதோ விளையாட்டுச் சொற்கள் என்று நினைத்திருப்பேன்.

அந்தக் கோடையின் முதல் சுற்றுப்போட்டியிலேயே எங்கள் கழகமும் ஊரில்லாக் கழகமும் மோதின. பொபினிக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். நான் எங்கள் கழகக் கொடியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்களோடு நின்றேன். மாமா எதிர்க் கோலில் நின்று கையாட்டினார். நான் கொடியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சுவிஸ்காரர் அன்று காலைதான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். நல்ல உயரம், பளபளக்கும் கையுறை. ஆனால் அவசரத்தில் அவருக்கு வாயில் வந்தது ஜெர்மன் மொழி. அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்களுக்குத் தெரிந்தது தமிழும் பிரெஞ்சும். இடது பக்கம் போ என்று அவர் கத்த, மூன்று பேர் நின்று திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் பந்து உள்ளே போனது. இரண்டாவது கோலும் ஏறக்குறைய அப்படித்தான். மாமாவுக்குப் பதிலாக எங்களிடம் வந்த ஃபோர்வேர்ட் நன்றாகத்தான் ஓடினார், ஆனால் அவர் அடித்ததையெல்லாம் மாமா பிடித்துவிட்டார். பிடித்த பந்தை ஒவ்வொரு தடவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே கிடந்தார்.

அப்பா எங்களோடு நிற்கவில்லை. மாமாவின் கோலுக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியபோது, அப்பாவும் மைதானத்தைச் சுற்றி நடந்து மறு கோலுக்குப் பின்னால் போய் நின்றார். பெரியப்பா உட்பட எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கத்தான் அங்கே போகிறார் என்று நான் நினைத்தேன். அங்கே ஒரு மரமும் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் பக்கத்தில் பெரிய சண்டை. கீப்பரைக் கொடுத்தது யார், பிளேன் காசு யார் தலையில், மதில் காசு எங்கே என்று ஆளையாள் சட்டையில் பிடித்தார்கள். கம்பளித் தொப்பிக்காரர் அந்த வெயிலில் தொப்பியில்லாமல் வந்திருந்தார். இந்தக் கைமாற்றலை முதலிலிருந்தே எதிர்த்தவன் தான்தான் என்று சத்தியம் செய்தார். மாமாவின் கழகத்துப் பெண்கள் அம்மாவைக் கூப்பிட்டுத் தங்கள் பாயில் இருத்தினார்கள். யாரோ ஒருவர் அம்மா கொண்டுபோயிருந்த சோற்றுச் சட்டியைத் திறந்து, கேட்காமலேயே அள்ளிச் சாப்பிட்டார். அம்மா அவருக்கு இன்னொரு அகப்பை போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி அப்பாவின் தோளில் தூங்கிவிட்டான். ட்ராமில் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குளிர்காலத்துக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தது அன்றுதான். இருவரும் மாமா பிடித்த ஏதோ ஒரு பந்தைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கொடியை இருக்கையில் எறிந்துவிட்டுக் கேட்டேன்:

"நாங்கள் தோத்திட்டம் அம்மா! நாங்கள் தோத்ததுக்கு ஏன் சிரிக்கிறியள்?"

அம்மா என்னைப் பார்த்தார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புபவர்போலக் கேட்டார்:

"நாங்கள் எண்டால் ஆர் பிள்ளை?"

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். நாங்கள் என்றால் நாங்கள்தான் என்றேன். கழகத்தின் பெயரைச் சொன்னேன், நான் காணாத அந்த ஊரின் பெயரைச் சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா என் தலையில் கை வைத்தார், நான் தட்டிவிட்டேன். என் கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்ற கோபத்தில், இறங்கும்வரை இருவரோடும் பேசாமல் வந்தேன்.